பதில்: ஸ்டோரிலைன் கோர்ஸ் சேரலாமா?

வணக்கம் டீச்சர். கடலூரில் 12 வருடம் வேதியியல் எடுத்துவிட்டு, ஆன்லைன் கல்வியில் கற்றல் வடிவமைப்புக்கு (பாடங்களைத் திட்டமிட்டு உருவாக்கும் வேலைக்கு) மாற, ஆன்லைன் பாடம் தயாரிக்கும் ஸ்டோரிலைன் மென்பொருளுக்கான கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம், மென்பொருள் அப்புறம். பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இங்கே முதல் வேலை.

டைட்ரேஷனை (ஒரு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையை) எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) அளவைக் கண் மட்டத்தில் பார்க்காமல் மேலிருந்து பார்த்துத் தப்பாகக் குறிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த ஒரு தவறுக்கு மட்டும் ஒரு குட்டிப் பாடம் செய்யுங்கள்: ஒரு படம், ஒரு கேள்வி, தப்பான ஒவ்வொரு விடைக்கும் அது ஏன் தப்பு என்ற விளக்கம். இப்படிப் பாடம் செய்ய இலவசமாகக் கிடைக்கும் எச்5பி (H5P) என்ற மென்பொருளே போதும். இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே திணறினார்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். சான்றிதழைவிட அந்தக் குறிப்புதான் நேர்காணலில் பேசும்.