மாயக்கதை, அறிவியல் புனைவுத் தொடர்களில் எதைப் பார்க்கலாம்?

பழசும் புதுசும் கலந்து கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில்காரன் என்பதால் நான் முதலில் சொல்வது 'கடமற்றத்து கத்தனார்'தான். 2004-இல் ஏசியாநெட்டில் வந்த, மந்திரம் தெரிந்த ஒரு பாதிரியாரைப் பற்றிய மலையாளத் தொடர். அதில் வரும் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி நம்ம ஊர்க்காரி. கள்ளியங்காடு பார்வதிபுரம் பக்கம்தான் இருக்கிறது. வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சுகன்யா நீலியாக வந்து நிற்பதைப் பார்ப்பதே தனி அனுபவம். மாயக் காட்சிகளை அவர்கள் காட்டிய விதத்தில் இப்போது பிசிறு தெரியும், ஆனால் பயம் குறையாது.

தமிழில் 'விடாது கருப்பு' கட்டாயம். 1990களில் சன் டிவியில் வந்த மர்மதேசம் வரிசையில் ஒன்று. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் கருப்பு வரும் காட்சிகளுக்குக் குளம்பொலியே போதும்.

அறிவியல் புனைவுக்கு 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்'. ஆட்களை ஒளியாகக் கரைத்துக் கிரகத்தில் இறக்குவார்களே, வாராவாரம் விண்கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதாததால் பிறந்த யோசனை அது. இல்லாமையில் இப்படி ஒரு அழகு!

புதுசில் என் தேர்வு 2017-இல் வந்த ஜெர்மன் தொடர் 'டார்க்'. காலப்பயணக் கதை: ஒரு குகை, 33 ஆண்டு இடைவெளி, நான்கு குடும்பங்கள். மொத்தம் 26 பகுதிகள்தான். டப்பிங் வேண்டாம், ஜெர்மன் குரலிலேயே பாருங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் மூன்றாவது சீசனில் திணற மாட்டீர்கள்.