கடல் விலகும் கரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹாம்பர்க்கில் பணிபுரியும் மகளைப் பார்க்க ஆகஸ்ட் மாதம் ஜெர்மனி செல்கிறோம். அங்கிருந்து சில மணி நேரத் தொலைவில் கடல் பல கிலோமீட்டர் உள்வாங்கிவிடும் என்றும், வெளிப்படும் தரையில் நடந்தே ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகலாம் என்றும் மகள் சொல்கிறாள். 2004 சுனாமியை மறக்காத என் மனைவியோ, உள்வாங்கிய கடல் பக்கம் காலே வைக்க மாட்டேன் என்கிறார். அவரிடம் என்ன சொல்வது?
– திருவான்மியூர் வாசகர்

பதில்: உங்கள் மனைவியின் அச்சம் நம் கரைக்கு முற்றிலும் நியாயமானது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால், மெரினாவில் நிற்பவர் அதைக் கவனிப்பதேயில்லை. அந்தக் கடல் திடீரென்று பின்வாங்கினால் ஓடித்தான் ஆக வேண்டும். ஹாம்பர்க்குக்கு வடக்கே உள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் மேற்குக் கரையான வடகடல் கரையில் அந்த வேறுபாடு 2 மீட்டர் அளவில் தொடங்கிச் சில இடங்களில் 3 மீட்டரைத் தாண்டுகிறது. கடலடியும் சரிவே தெரியாத சமதளமாக இருப்பதால், நீர்மட்டம் இறங்க இறங்கக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் மணலும் வெளிப்பட்டுவிடுகின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் வடிந்து, ஆறு மணி நேரம் ஏறும் இந்த ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எந்த நாளில் எந்த மணிக்கு என்பதற்கு அச்சிட்ட அட்டவணையே உண்டு. மனைவியிடம் வாதாடுவதைவிட அந்த அட்டவணையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

'வாட்' என்று ஜெர்மானியர் அழைக்கும் இந்த ஓதச் சமவெளி, அம்மாநிலத்தில் 1985 முதல் தேசியப் பூங்கா. 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். மகள் சொல்வது அனேகமாக ஆம்ரும், ஃபேர் தீவுகளுக்கு இடையிலான சுமார் 8 கிலோமீட்டர் நடையாக இருக்கும். பெரும்பாலோர் வெறுங்காலுடன்தான் நடக்கிறார்கள். காலடியில் இடியாப்பம் பிழிந்ததுபோல் ஈர மணல் சுருள் சுருளாகக் குவிந்து கிடக்கும். வளைக்குள் இருக்கும் மணற்புழு மணலை விழுங்கி, அதில் உள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வால் பக்கமாக மேலே தள்ளிய குவியல் அது. இந்தப் புழுவையும் சிப்பியையும் நத்தையையும் நம்பித்தான் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் இச்சமவெளிகள் நிறைந்த வாடன் கடலில் இறங்குகின்றன. பழவேற்காட்டில் பறவை பார்க்கப் போகிறவர் என்றால் தொலைநோக்கியை மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சமவெளியை அறுத்துச் செல்லும் ஓடைகளில்தான் ஏறும் நீர் முதலில் நிரம்பும். முன்னால் தரை காய்ந்திருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் உள்ள ஓடை இடுப்பளவு ஆகிவிடும். அதோடு மூடுபனியும் சேர்ந்தால் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நெடுந்தூரம் போவது மடமை.

கேள்வி: அதே கடலில் உள்ள 'ஹாலிக்' என்ற குட்டித் தீவுகள் புயலில் முழுகிவிடும் என்கிறார்களே, மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?
– அடையாறு வாசகி

பதில்: புல்வெளி முழுகும், வீடுகள் முழுகுவதில்லை. ஜெர்மனியில் இத்தகைய தீவுகள் பத்து. பெருங்கரை எழுப்பித் தடுக்காமல், மண்ணைக் கொட்டி உயர்த்திய மேட்டின் மீது வீடு, தொழுவம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். குளிர்காலப் புயலில் நீர் ஏறியதும் மாடுகள் மேட்டுக்கு வந்துவிடும். சுற்றிலும் கடல், நடுவே மேடுகள் மட்டும் தெரியும். 1962-இல் வந்த பெரும் புயல் வெள்ளத்துக்குப் பின், மாடியில் ஓர் அறையைத் தரைக்குள் ஆழ ஊன்றிய கான்கிரீட் தூண்களின் மேல் தனியாக நிறுத்தும் முறை வந்தது. சுவர்கள் அடித்துச் செல்லப்பட்டாலும் அந்த அறை நிற்கும். இந்த வெள்ளத்தால் நன்மையும் உண்டு. ஒவ்வொரு முறையும் அது வண்டலை விட்டுச் செல்வதால் தீவு சிறிது சிறிதாக உயர்கிறது. கடல் மட்டம் ஏறிவரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்குமா என்பதுதான் இப்போதைய கவலை.

கேள்வி: நம் பூம்புகாரைப் போல அங்கும் கடல் கொண்ட நகர் உண்டா?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: உண்டு, ருங்ஹோல்ட். 1362 ஜனவரியில் வீசிய புயலில் அழிந்த வணிகத் துறைமுகம் அது. இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. ருங்ஹோல்ட் மக்கள் பாதிரியாரை இழிவுபடுத்தியதால் தெய்வம் தண்டித்தது என்பது அந்த ஊர்க் கதை. உண்மைக் காரணத்தில் மனிதர் பங்கும் உண்டு: சதுப்பை வடித்து விளைநிலமாக்கியதிலும், உப்புக்காகக் கடல்நீர் ஊறிய கரி மண்ணை (மக்கிய தாவரப் படிவை) வெட்டியெடுத்ததிலும் நிலம் தாழ்ந்துபோயிருந்தது. ஸூட்ஃபால் என்ற ஹாலிக்கின் அருகே சேற்றடியில் சுமார் 40 மீட்டர் நீளமுள்ள தேவாலயத்தின் தடத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்ததாக 2023-இல் அறிவித்தார்கள்.

கேள்வி: வயதான தாயாரை அழைத்துச் செல்கிறேன். சேற்றில் நடக்க அவரால் இயலாது. வேறு கரை சொல்லுங்கள்.
– பெரம்பூர் வாசகி

பதில்: மாநிலத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் போங்கள். டென்மார்க்கின் குறுகிய நீரிணைகள் வழியே மட்டும் பெருங்கடலோடு தொடர்புள்ள பால்டிக் கடலில் ஓதம் இல்லை என்றே சொல்லிவிடலாம், உப்பும் குறைவு. டிராவமுண்டேயில் கடலோர நடைபாதை சமமாக இருக்கிறது. நேரம் இருந்தால், பக்கத்து மாநிலத்தின் ரூகன் தீவில் 118 மீட்டர் உயர வெள்ளைச் சுண்ணப் பாறையான கோனிக்ஸ்டூலை மேலிருந்து பார்க்கலாம். அடிவாரக் கரை வேண்டாம்; 2005-இல் அதே சுண்ணப் பாறைக் கரையில் புகழ்பெற்ற ஒரு பாறை முகடே சரிந்து கடலில் விழுந்தது. தாயாருக்குக் கடற்கரையில் கூரையுள்ள பிரம்பு இருக்கையை நாள் வாடகைக்கு எடுத்து, காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போடுங்கள். ஆகஸ்டிலும் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படும்.