ஹஸ்கி ஆசையும் மூன்றாவது மாடி வீடும்: நாய் வளர்ப்பு கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி ஆகிவிடும். அவருக்கு ஹஸ்கிதான் வேண்டுமாம், அந்த நீலக் கண்ணில் மயங்கிவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது நீங்கள் மட்டும் என்பதுதான் எனக்குக் கவலை, அவரும் கொஞ்சம் பயப்பட வேண்டும். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாயிலிருந்து வந்தது ஹஸ்கி. நாள் முழுக்க ஓடினாலும் அலுக்காத உடம்பு. அதை ஒன்பதரை மணி நேரம் பூட்டி வைத்துவிட்டுப் போனால் மாலையில் சோபாவின் பஞ்சு கூடம் முழுக்கக் கிடக்கும். குரைப்பது குறைவுதான், ஆனால் ஊளையிடும், அதுவும் நீங்கள் இல்லாத நேரத்தில், கேட்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர்கள். ரோமம் வேறு இரண்டு அடுக்கு. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள் அடுக்கு கொத்துக் கொத்தாகக் கழன்று வரும், சீப்பை ஒரு தடவை இழுத்தால் கைப்பிடி நிறைய.

முக அழகை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நாயை எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்று பாருங்கள். பார்டர் கோலி ஆடு மேய்க்க வந்தது. ஆடு இல்லாத வீட்டில் அது குழந்தைகளை மேய்க்கும், ஓடுகிற பிள்ளையின் குதிகாலைக் கவ்வப் பார்க்கும். பீகிள் முயலை மோப்பம் பிடிக்க வந்தது. எங்கள் வீட்டு பீகிளுக்கு மூடிய பையின் அடியில், கைக்குட்டைக்குள் சுற்றி வைத்த ஒற்றை பிஸ்கட் எங்கே இருக்கிறது என்பது தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. ஆனால் இந்தக் கணக்கு சில சமயம் நாம் நினைப்பதற்கு நேர் எதிராகவும் போகும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய கிரேஹவுண்ட், ஒரு நல்ல ஓட்டம் முடிந்ததும் மிச்ச நாளெல்லாம் படுத்துத் தூங்கும். மாடி வீட்டுக்கு ஹஸ்கியைவிட அது எவ்வளவோ தேவலை.

அப்புறம் ஒன்று. உங்கள் விஷயத்தில் இனத்தைவிட அந்த ஒன்பதரை மணி நேரம்தான் பெரிய சிக்கல். குட்டியால் சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அவ்வளவுதான். மதியம் ஒரு ஆள் வந்து வெளியே கூட்டிப்போவார் என்ற ஏற்பாடு இருந்தால், குட்டி வேண்டாம், மூன்று நான்கு வயதான, தனியாக இருந்து பழகிய நாயாகப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் இப்போதைக்கு எந்த நாயும் வேண்டாம்.

கேள்வி: எட்டு வயது மகன், எழுபதைத் தாண்டிய மாமியார் இருக்கும் வீடு. லாப்ரடாரா, ஜெர்மன் ஷெப்பர்டா?

பதில்: லாப்ரடார். ஆனால் குட்டியாக வேண்டாம். இது வளர்ந்தால் 25 முதல் 36 கிலோ வரை வரும், வயதுதான் இரண்டாகும், குணம் குட்டியாகவே இருக்கும். அது சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தால் மாமியாரின் முழங்கால் என்னாகும் என்று யோசியுங்கள். மூன்று வயதைத் தாண்டி நிதானத்துக்கு வந்த நாய் உங்களுக்குப் பொருந்தும். ஷெப்பர்டு அருமையான நாய்தான், ஆனால் அதன் மூளைக்குத் தினமும் வேலை கொடுக்க ஆள் வேண்டும், இடுப்பு மூட்டுக் கோளாறும் அந்த இனத்தில் அதிகம்.

லாப்ரடாருக்குப் பசி அடங்காது என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, போதும் என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016ல் கண்டுபிடித்தார்கள். அதனால் அது பாவமாகப் பார்க்கிறதே என்று பாட்டி ஒரு வாய், பேரன் ஒரு வாய் என்று கொடுக்கக் கூடாது. மகனிடம் இரண்டே விதி சொல்லுங்கள்: சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது தொடாதே. நடக்கக் கூட்டிப்போவது அவன் பொறுப்பு என்று சொல்லியிருப்பான், மூன்று வாரம் போவான், அப்புறம் நீங்கள்தான்.

கேள்வி: மகளுக்கு நாய் அலர்ஜி. பூடில் கலப்பில் அலர்ஜியே வராதாமே?

பதில்: வராது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். லாப்ரடூடில் பிறந்த கதையே அதுதான். 1989ல் ஆஸ்திரேலியாவில், வழிகாட்டி நாய் கேட்ட ஒரு பார்வையற்ற பெண்ணின் கணவருக்கு அலர்ஜி என்பதால் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து பார்த்தார்கள். ஆனால் அலர்ஜி தருவது ரோமம் அல்ல, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள், அவை எல்லா நாய்க்கும் உண்டு. 2011ல் வந்த ஓர் ஆய்வில், ‘அலர்ஜி இல்லாத’ இனம் இருந்த வீடுகளில் அந்தப் புரதம் குறைவாக இருக்கவில்லை. பூடிலுக்கு ரோமம் உதிர்வது குறைவு, வீடு பெருக்குகிறவருக்கு லாபம், அவ்வளவே. முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால், வாங்க நினைக்கும் அதே நாயோடு மகளைச் சில நாள் பல மணி நேரம் இருக்க விட்டுப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு கோல்டன் ரெட்ரீவர் அவ்வளவு சாது. அதே இனம் வாங்கினால் அதே குணம் வருமா?

பதில்: வரலாம், உத்தரவாதம் இல்லை. 2022ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வித்தியாசத்தில் இனத்தால் வருவது சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. ஊளையிடுவது, சொன்ன பேச்சைக் கேட்பது போன்றவற்றில் இனத்தின் பங்கு கொஞ்சம் தெரிகிறது. எளிதில் சீறுமா என்பதை இனத்தை வைத்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். அதனால் குட்டி வாங்கப் போனால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரித்த குட்டியையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பக் வாங்கலாமா? குறட்டை விடுவது கொள்ளை அழகு!

பதில்: அந்தக் குறட்டை மூச்சுத்திணறல். நாய்க்கு உடம்புச் சூடு இறங்குவதே பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைப்பதால்தான், பக் போல முகம் தட்டையானால் அந்த வழியே குறுகிவிடுகிறது. வெயிலில் நடத்தவும் முடியாது, பிதுங்கிய கண்ணில் சுலபமாகக் காயம்படும், முக மடிப்பை அடிக்கடி துடைக்க வேண்டும். நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: காவலுக்கு நாய் வேண்டும், ஆனால் குரைக்கக் கூடாது.

பதில்: மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பசென்ஜி சாதாரணமாகக் குரைக்காது. அதற்குப் பதில் ராகம் இழுக்கும். திருடன் நின்று கேட்டுவிட்டுப் போவான், பரவாயில்லையா?