அப்பாயிக்கு ஒரு வரி போதுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். இப்போது திருச்சியில் இருக்கிறேன். வருகிற ஆடியில் எங்கள் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோயிலில் கூடுகிறோம். அதற்காக ஒரு குடும்ப மலர் தயாராகிறது. தாத்தாவைப் பற்றி மூன்று பக்கம். அப்பாயிக்கு 'துணைவியார்' என்று ஒரே வரி. சித்தப்பாவிடம் கேட்டால், "அவங்க வீட்டோட இருந்தவங்கம்மா, எழுத என்ன இருக்கு?" என்கிறார். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி இரண்டு பக்கம் வாங்கிவிட்டேன். ஆனால் உட்கார்ந்தால் 'அன்பே உருவானவர், உழைப்பின் சிகரம்' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

அவர் இறந்தது 1998-ல். பிறந்த வருடம் யாருக்கும் தெரியாது. கல்யாணம் 'சமஸ்தானம் இருந்தப்பவே' நடந்ததாம். பழைய வீட்டில் இருந்த தகரப் பெட்டி கஜா புயலில் நனைந்து, காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. ஒரு போட்டோ மிச்சம். அவரை நன்றாகத் தெரிந்தவர் என்று இப்போது இருப்பது 73 வயது அத்தை மட்டும்தான். அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த நேரத்தில் சைக்கிள் பழகிய ஆள், நல்ல ஞாபகசக்தி. இன்னொன்று: அப்பாயி தாத்தாவுக்கு இரண்டாந்தாரம். மூத்தவர் அப்பாயியின் சொந்த அக்கா. தன் பிள்ளையான பெரியப்பா கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்த அக்கா இறந்துவிட்டாராம். இதை எழுதலாமா? பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மூத்த மகள், நாங்கள் 'ஆத்தாக்கா' என்று கூப்பிடும் அக்கா, மனம் வருந்துவாரோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் தேடுவது கிரயம், கேஸ், பதவி, கோயில் திருப்பணி. அந்தக் கணக்கில் அப்பாயி பெயரில் ஒன்றும் இருக்காதுதான். நீங்களும் பாதி அதே கணக்கில்தான் தேடியிருக்கிறீர்கள். ஒன்றும் கிடைக்காத இடத்தில் 'சிகரம்' வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள். அன்பே உருவான அப்பாயி எல்லார் வீட்டு மலரிலும் உண்டு. உங்கள் அப்பாயிக்கு யாரைக் கண்டால் பிடிக்காது, எந்த வேலைக்குச் சலித்துக்கொள்வார், கோபம் வந்தால் பாத்திரத்தை எப்படி வைப்பார் என்பது உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெண்களின் பெயர் ஏட்டில் ஏறாமல் போவது உங்கள் வீட்டு விஷயம் மட்டுமல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மா' என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். உங்கள் மலரில் குறைந்தபட்சம் பெயராவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்போம்.

காகிதம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம்? நம் வீட்டுப் பெண்கள் விட்டுப்போகும் கல்வெட்டு அதுதான். சீர்ப் பாத்திரம் வாங்கும்போது "பேர் வெட்டணுமா?" என்று கடைக்காரர் இன்றும் கேட்கிறார். இன்று மெஷினில் கிறுக்கித் தருகிறார்கள். அன்று உளியை வைத்துத் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்து வரும். குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு, எது இருந்தாலும் கழுத்திலும் அடியிலும் பாருங்கள். கொடுத்தவர் பெயரின் முதலெழுத்து, ஊர், சில சமயம் தேதியே இருக்கும். என் அம்மாவின் அம்மாவுடைய பித்தளைத் தவலை ஒன்று 20 வருடம் எங்கள் பரணில் கிடந்தது. ஒரு பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்தபோது கழுத்தில் அம்மாச்சி பெயர் தெரிந்தது. அடியில் வேறொரு பெண்ணின் பெயர். அது அவருடைய அம்மா பெயர் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் பெயரை உயிரோடு இருந்த ஒருவரும் கேட்டதில்லை. தாய் தன் தவலையை மகளுக்குச் சீராகக் கொடுத்திருக்கிறாள், புதிது வாங்க வசதி இல்லாமல். மூன்று பக்கத் தாத்தாக்களுக்கு இப்படி ஒரு சாட்சி இருக்குமா, தெரியவில்லை. பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். போனது போக மிச்சம் எந்தப் பங்காளி வீட்டுப் பரணில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள்.

அடுத்தது மொய் நோட்டு. மொய் விருந்துக்குப் பேர்போன மாவட்டக்காரர் உங்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அத்தை கல்யாண நோட்டு யாரிடமாவது இருந்தால், அதில் தாத்தாவின் ஆட்களைத் தள்ளிவிட்டு, தாய்மாமன் சீரில் தொடங்கி வரும் ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் அப்பாயியின் பிறந்த வீட்டார். குடும்ப மரம் வரைகிறவர்கள் மருமகளைக் கிளையில் ஒட்டவைத்துவிட்டு, அவள் எந்த மரத்திலிருந்து வந்தாள் என்று கேட்பதே இல்லை. அந்த ஊரில் இன்னமும் யாராவது இருப்பார்கள். போய்ப் பாருங்கள். அங்கே அவர் யாருக்கும் அப்பாயி கிடையாது. மரம் ஏறிய பெண், பள்ளிக்கூடம் போகாத பெண், யாருக்கோ செல்லத் தங்கச்சி.

வயது, வருடம் பற்றிச் சொல்கிறேன். 'சமஸ்தானம் இருந்தப்பவே' என்பது நல்ல துப்பு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ம் தேதி சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கல்யாணம் அதற்கு முன்னால் என்று ஆயிற்று. இப்படியே அத்தையிடம் ஆணி அடித்துக்கொண்டு போகலாம். 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலின்போது அப்பாயி கையில் எந்தப் பிள்ளை? (அத்தையே அந்த வருடத்துப் பிள்ளைதான் போலிருக்கிறது.) அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்; அந்தக் குழப்பத்தில் கடைக்காரனோடு சண்டை போட்ட கதை ஏதாவது உண்டா? அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. அன்று வீட்டில் அடுப்பு எரிந்ததா? பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொடவைத்து, வாத்தியார் தோராயமாகப் போட்ட ஜூன் மாதத் தேதிகள் அதில் ஏராளம்.

தேதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் ஊருக்கு ரைஸ்மில் எப்போது வந்தது? அதுவரை நெல்லைக் குத்தியது யார், ஒரு நாளைக்கு எத்தனை மரக்கால்? தண்ணீர் எவ்வளவு தூரம், எத்தனை நடை? அடி பம்பு, கரண்டு, கேஸ் அடுப்பு எல்லாம் எந்த வரிசையில் வந்தன? ரைஸ்மில் வந்த வருடம் அப்பாயி வாழ்க்கையில் சுதந்திரத்தைவிடப் பெரிய சம்பவமாக இருந்திருக்கலாம். உலக்கையைச் சுவரில் சாத்தி வைத்த அன்று மத்தியானம் மிச்சமான அந்த ஒரு மணி நேரத்தை அவர் என்ன செய்தார் என்று அத்தையைக் கேட்டால், நிச்சயம் ஏதாவது சொல்வார். தூங்கினார் என்றாலும் எழுதுங்கள்.

சிறுவாடு பற்றியும் கேளுங்கள். கோழி முட்டை, மோர், ஆட்டுக்குட்டி, கடலை உடைத்த கூலி, எதிலிருந்து சேர்த்தார், எங்கே ஒளித்தார், அந்தக் காசு கடைசியில் எங்கே போயிற்று? தாத்தாவின் மூன்று பக்கத்தில் 'நிலம் வாங்கினார்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வருடத்துக்கு முன்னாலும் பின்னாலும் அப்பாயி கழுத்திலும் காதிலும் என்ன இருந்தது என்று பாருங்கள். போட்டோவில் காது வளர்த்த காதா, இல்லை அறுத்துத் தைத்த காதா? தண்டட்டி போட்டிருந்தார் என்றால் அது இப்போது எங்கே?

அத்தையிடம் போகும்போது "அப்பாயி பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்க வேண்டாம். அப்படிக் கேட்டால் அவரும் 'அன்பே உருவானவங்க' என்றுதான் சொல்வார். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுங்கள். மழை நாளில் என்ன குழம்பு, யார் வீட்டுக்கு அவர் போகவே மாட்டார், அப்பாவை எதற்காக அடித்தார் என்று கேளுங்கள். அப்புறம் அவரைத் தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள், அப்பாயி பாடிய மாதிரியே. பேச்சில் வராத தாய்மாமன் பெயரும் ஊரும் பாட்டில் வந்துவிடும். ஒப்பாரி தெரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை வீட்டுக்குள் பாட மாட்டேன் என்பார், வயல்பக்கம் அழைத்துப் போங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பதிவாகிறது என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். சைக்கிள் பழகிய கதையையும் சேர்த்தே வாங்கி வையுங்கள். 1991-ல் புதுக்கோட்டைச் சாலைகளில் சேலையோடு சைக்கிள் ஓட்டிய அந்தப் பெண்களைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாயி அதைப் பார்த்து என்ன சொன்னார்? திட்டினாரா, பின்னால் உட்கார்ந்து போனாரா?

காகிதம் முழுவதும் போய்விடவும் இல்லை. வீட்டுப் பிரதிதான் கூழாயிற்று. சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு நகல் இருக்கும். சர்வே எண் தெரிந்தால், 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தைப் பெரும்பாலும் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தாத்தா எப்போது இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பின் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. நம் பக்கம் நடப்பது என்ன என்று உங்களுக்கும் தெரியும். அம்மாவும் மகள்களும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் நகல் வாங்குங்கள். அதில் அப்பாயியின் பெயரும் பெரும்பாலும் அப்போதைய வயதும் இருக்கும். அசல் எந்தப் பங்காளியிடமாவது இருந்தால் பெருவிரல் ரேகையும் கிடைக்கும். பழைய பத்திரமாக இருந்தால் 'பெண்சாதி' என்றோ 'பாரியாள்' என்றோ எழுதியிருப்பார்கள். எனக்கென்னவோ, போட்டோவைவிட அந்த ரேகையை மலரில் போடலாம் என்று தோன்றுகிறது. சித்தப்பா சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். எந்தச் சொத்தை விட்டுக்கொடுத்தார் என்ற விவரத்தை இந்த மலரில் கிளற வேண்டாம். அது வக்கீலோடு பேச வேண்டிய பேச்சு, ஆடிக் கூட்டத்தில் பந்தி நடக்கும்போது படிக்க வேண்டியது அல்ல.

கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். 'பிறந்த வருடம் தெரியவில்லை, கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை' என்று ஒரு வாக்கியம் இருந்தால், படிக்கிற பேரன் தன் அம்மாவிடம் போய்க் கேட்பான்.

சரி, நீங்கள் பயத்தோடு கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாம். ஆனால் ஆத்தாக்காவிடம் காட்டாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகக் கூடாது. அது அவருடைய அப்பாவின் பிறப்புக் கதை. வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதியாகத்தான் இருக்கும், இருந்தாலும் தெரிந்திருப்பது வேறு, அச்சில் பார்ப்பது வேறு. அக்காள் இறந்தால் தங்கையைக் கட்டிவைப்பது அன்று சாதாரணம். பிள்ளையை மாற்றாள் கையில் விட மனமில்லாமல் செய்தது. அதற்காக அப்பாயி விரும்பித்தான் போனார் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். அவரை யாராவது கேட்டார்களா? அத்தைக்குத் தெரிந்திருக்கலாம். வயது வித்தியாசம் எவ்வளவு, அக்காள் இருந்த அதே வீட்டில் அதே அடுப்படியில் நுழைந்தபோது அவருக்கு என்ன வயது, பெரியப்பாவுக்கு விவரம் தெரிந்தது எப்போது, யார் சொன்னார்கள்? இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தை இதற்கே கொடுக்கலாம் என்பேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அப்பாயிக்கு ஒரு வரிதானா என்று ஆதங்கப்படுகிறீர்கள். அந்த அக்காவுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. உங்கள் கடிதத்திலும் அவர் 'மூத்தவர்' மட்டும்தான். சில வீடுகளில், சுமங்கலியாகப் போனவரை வருடம் ஒரு சேலை எடுத்து வைத்துக் கும்பிடுவார்கள். வடமாவட்டங்களில் பூவாடைக்காரி என்பார்கள். உங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன் அப்படி யாருக்காவது படைக்கும் வழக்கம் இருந்து, அது யாருக்கு என்று யாரும் கேட்காமலே விட்டிருக்கிறீர்களா என்று அத்தையிடம் விசாரியுங்கள். பத்திரத்தில் 'முதல் தாரத்து மகன்' என்று பெரியப்பாவைக் குறித்திருந்தால் அங்கே ஒருவேளை பெயர் கிடைக்கலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். நம் பக்கம் முதல் பேத்திக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பார்கள். மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பிள்ளையை வீட்டில் வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள்: பாப்பா, அம்மாப்பொண்ணு, ஆத்தா. உங்கள் பெரியப்பாவின் மூத்த மகளை எல்லாரும் ஏன் 'ஆத்தா' என்று கூப்பிடுகிறீர்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? மலர் வேலையாக அவரைப் பார்க்கப் போகும்போது, அவருடைய ரேஷன் அட்டையைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.