டாக்டர், காரணமே இல்லாமல் அழுகை வருகிறது

கேள்வி: எனக்கு 47 வயது. எட்டு மாதமாக மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்குகிறது. போன வாரம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று மகள் சொன்னாள். கரண்டியை வீசிவிட்டு அழுதேன். இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறேன். கணவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "நாங்களும் இதைத் தாண்டித்தானே வந்தோம், வெளியில் சொன்னோமா?" என்கிறார் அம்மா. எனக்கு மனநோய் வந்துவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலத்தில் வரக்கூடியவை. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்போம். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி அது நடக்கிறது. ஆனால் மனதை அதிகம் அலைக்கழிப்பது அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஏறும், திடீரென்று சரியும். மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை ரசாயனமும் அதோடு சேர்ந்து ஆடும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகத் தெரியலாம்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு நைட்டி நனைந்து எழுந்து, ஃபேனை ஐந்தில் வைத்துப் புரண்டு, மறுபடி கண் சொருகும்போது பால்காரர் மணி அடித்துவிடுவார். இப்படிப் பத்து நாள் போனால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

உங்கள் அம்மா தாண்டி வந்தது உண்மைதான். எப்படித் தாண்டினார் என்று தனியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் பல பெண்கள் மூட்டுவலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். மருந்துச் சீட்டைப் பையில் வைத்து, கதவு வரை போய்த் திரும்பி, "அப்புறம் டாக்டர்... காரணமே இல்லாம அழுகை வருது" என்பார்கள். மறுபடி உட்காரச் சொல்வேன். வைத்தியமே அங்கிருந்துதான் தொடங்கும். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டீர்கள், அதில் எனக்கு நிம்மதி.

சரி, எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு கோளாறிலும் ரத்தசோகையிலும் இதே படபடப்பும் சோர்வும் வரும், இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும் இடையிடையே பட்டாலும் ஸ்கேன் தேவை. வெக்கையும் வியர்வையும் தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு. கவுன்சலிங்கும் நன்றாக உதவும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கணவரிடம் சண்டைக்கு நடுவே சொல்ல வேண்டாம். சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில், "எனக்கு பீரியட்ஸ் நிற்கிற சமயம். ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் உங்கள் மேல் இல்லை. நான் கத்தினால் பத்து நிமிஷம் என்னை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று நேராகவே சொல்லுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்கிற வயதுதான். மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். வெளியே பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார விடாமல், உங்களோடு உள்ளே வரச் சொல்லுங்கள்.