வாசகர் கேள்வி பதில்: ஹூலா விழாவுக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் அடுத்த மாதம் ஹவாய் இசை, நடன விழா நடக்கிறது. என் மகள் 6 வருடமாகப் பரதம் கற்கிறாள். அவளை அழைத்துப்போக ஆசை. "இடுப்பை ஆட்டும் ஆட்டம்தானே" என்று மாமியார் முகம் சுளிக்கிறார். அதில் எதைப் பார்ப்பது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஹவாயின் நடனமான ஹூலாவில் கதை சொல்வது கை. பாட்டில் மழை வந்தால் விரல்கள் மேலிருந்து நெளிந்து இறங்கும். கடல் வந்தால் உள்ளங்கை அலையாக உருளும். கை போகும் திசைக்கே கண்ணும் போகும். அபிநயம் பழகிய உங்கள் மகளுக்கு இரண்டு மூன்று பாட்டிலேயே இது பிடிபட்டுவிடும்.

இடுப்பைத் தனியாக யாரும் ஆட்டிவிடுவதில்லை. முழங்காலை மடக்கியபடியே உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போது அது தானாக அசைகிறது. பார்க்க அரைமண்டி மாதிரி இருக்கும். ஆனால் பாதங்கள் பக்கவாட்டில் விரியாமல் நேராக முன்னோக்கி இருக்கும். மர முழவு படபடக்க இடுப்பை வேகமாகக் குலுக்குவது தஹித்தித் தீவின் ஆட்டம். 'ஹவாய் இரவு' என்று விளம்பரம் செய்யும் மேடைகளில் இரண்டையும் கலந்து ஆடுவதால் உங்கள் மாமியார் அப்படி நினைப்பதில் தவறில்லை. படங்களில் வரும் புல் பாவாடையும் ஹவாயின் பழைய உடை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்த வழக்கம் அது. ஹவாய்க்காரர்கள் பயன்படுத்தும் 'தி' இலை, நம் ஊர் வீட்டு வாசல்களில் சிவப்பும் பச்சையுமாக வளர்கிறதே, அந்த ஜென்ஜுவாங் செடியின் இலைதான்.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். 'கஹிகோ' என்றால் பழைய முறை: ஓதுவதுபோன்ற பாட்டு, இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய 'இப்பு ஹெக்கே', சுறாத்தோல் போர்த்திய 'பஹு' முரசு. 'அவுவானா' புதிய முறை: உகுலேலே என்னும் நான்கு தந்திச் சிறு கிட்டார், பெரிய கிட்டார், இனிய குரல். முதலில் கஹிகோவைப் பார்த்துவிட்டால் அவுவானாவின் அழகு கூடுதலாகத் தெரியும் என்பது எங்கள் கருத்து. இந்தக் கலை பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1830-இல் அரசி கஅஹுமானு பொது இடங்களில் ஹூலா ஆடத் தடை போட்டார். மன்னர் கலாக்கவுவாதான் 1883-இல் தம் முடிசூட்டு விழாவில் அதை மறுபடியும் மேடையேற்றினார். அவர் 1881 உலகப் பயணத்தில் ஜொகூருக்கும் வந்து மகாராஜா அபு பக்கரின் விருந்தினராக இருந்தவர்.

பாட்டில் 'ஹாஇனா' என்ற சொல் காதில் விழுந்தால், பாட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். நடுவில் வரும் வெறும் வாத்திய இடைவெளியை முடிவென்று நினைத்து நம்மவர்கள் கைதட்டிவிடுவதுண்டு. அந்தச் சொல் வரும்வரை பொறுங்கள்.

கேள்வி: விழாவில் பிள்ளைகளுக்கு உகுலேலே பயிற்சி உண்டாம். என் மகனுக்கு 9 வயது. எந்த அளவு வாங்குவது? அண்ணன் வீட்டில் வாங்கியது சுருதி நிற்காமல் மூலையில் கிடக்கிறது.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: சொப்ரானோ அல்லது கான்சர்ட் போதும். தந்தி அதிரும் நீளம் சொப்ரானோவில் சுமார் 35 சென்டிமீட்டர், கான்சர்ட்டில் 38. விரல் சற்றுத் தடித்த பிள்ளை என்றால் கான்சர்ட்டே வாங்குங்கள். மெட்டுகளுக்கு, அதாவது கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு, நடுவே இடம் கூடுதல்.

அண்ணன் வீட்டு வாத்தியத்தைத் தூக்கிப் போட வேண்டாம். புது நைலான் தந்தி முதல் சில நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேருங்கள். ஒரே அமர்வில் நான்கைந்து முறை செய்யலாம். சுருதி ஏறிவிட்டால் நன்றாகத் தளர்த்தி, கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியில் மிச்சமிருக்கும் தளர்வு வாசிக்கும்போது நழுவும். வரிசை ஜி, சி, இ, ஏ. மேலே இருக்கும் ஜி தந்தி, அடுத்த சி-யைவிட உயர்ந்த சுருதி. பலர் குழம்புவது இங்கேதான். சுருதி காட்டும் கிளிப் டியூனரை உகுலேலே நிலையில் வைத்தீர்களா என்றும் பாருங்கள். கிட்டார் நிலையில் அது வேறு எழுத்தைக் காட்டி ஏமாற்றும்.

பயிற்சிக்கு முன் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையைப் பழக்கிவிடுங்கள். டி7 இரண்டு தட்டு, ஜி7 இரண்டு தட்டு, சி நான்கு தட்டு. டி7-க்கு ஜி, இ தந்திகளில் 2ஆம் மெட்டு. ஜி7-க்கு சி-யில் 2, இ-யில் 1, ஏ-யில் 2. சி-க்கு ஏ தந்தியில் 3ஆம் மெட்டு மட்டும். ஹவாய்ப் பாட்டுகளின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு நடுவிலும் வருவது இதுதான். இதைக் கேட்டுத்தான் ஆடுபவர் அடுத்த சரணத்துக்குத் தயாராகிறார்.

மத்தியான வெயிலில் காருக்குள் வைக்காதீர்கள். பசை இளகி, தந்தி கட்டும் பாலம் பலகையிலிருந்து கிளம்பிவிடும்.

கேள்வி: விழாவுக்கு வீட்டிலேயே 'லேய்' மாலை கட்டிக்கொண்டு போக நினைக்கிறோம். மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். ஏதாவது சாங்கியம் உண்டா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உண்டு. கர்ப்பிணிக்கு வட்டமாக முடிந்த லேய் போடுவதை ஹவாய்க்காரர்கள் தவிர்ப்பார்கள். இரு முனையும் சேராமல் தோளிலிருந்து தொங்கும் மாலையாகக் கொடுங்கள்.

பூவுக்கு எங்கள் தேர்வு ஆர்க்கிட். வெயில் தாங்கும். ஒரு மாலைக்கு 50 முதல் 60 பூ எடுத்து, நீண்ட ஊசியில் கெட்டி நூல் கோத்து, பூவின் முகத்துக்குள் குத்திக் காம்பு வழியே இழுங்கள். சுற்றளவு ஒரு மீட்டர் வரட்டும். நூலின் இரு முனையிலும் ஒரு சாண் விட்டு முடியுங்கள். பூவை நெருக்கித் தள்ளினால் கசங்கும். ஒன்றை ஒன்று தொட்டால் போதும். கெம்போஜாவும் (பிளுமேரியா) ஹவாயில் பிரபலம்தான், ஆனால் இங்கே கல்லறைகளில் நடும் மரம் என்பதால் அக்கம்பக்கத்தார் மனம் சங்கடப்படலாம். அதைப் பறித்ததும் வரும் பால் தோலை அரிக்கும். காய்ந்த பிறகே கோக்க வேண்டும். சிலர் கெம்போஜாவையும் அரளி என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு உண்மையான செவ்வரளியைப் பறித்துவிடாதீர்கள், அது நஞ்சு.

மல்லிகை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஹவாயில் அதற்குப் 'பிக்காக்கே' என்று பெயர், மயிலைக் குறிக்கும் சொல். நாம் தொடுப்பதுபோல் முடிச்சுப் போடாமல், மொட்டுகளை ஊசியில் கோத்து 2, 3 சரமாகச் சேர்ப்பார்கள். மாலையில் விழா என்றால் மொட்டாகவே வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

போட்டுக்கொள்ளும்போது பாதி முன்னும் பாதி பின்னும் தொங்க வேண்டும். கொடுத்தவர் எதிரில் கழற்றக் கூடாது. வாடிய பிறகு குப்பையில் எறியாமல், நூலை அறுத்துப் பூவை மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வழுக்கிக்கொண்டே போகும் அந்தக் கிட்டார் ஒலி எப்படி வருகிறது?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: கோட்டுவாத்தியம் கேட்டிருப்பீர்கள். அதே வித்தைதான்: தந்தியை விரலால் அழுத்தாமல், மேலே ஓர் உருளையை நகர்த்துவது. ஹவாயில் அது இரும்புக் கம்பி, கிட்டாரை மடியில் மல்லாத்தி வைத்து வாசிப்பார்கள். 1880-களில் இந்த முறையை உருவாக்கியவர் என்று ஜோசப் கெக்குக்குவைச் சொல்கிறார்கள். வாத்தியம் மடியில் படுத்திருப்பதால் முன்வரிசையில் உட்கார்ந்தால் கை தெரியாது. கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து உட்காருங்கள்.