உடம்பில் நீர் கோர்த்தால்: சில கேள்விகள்

சாயங்காலம் ஆனால் கால் கனத்துப்போகிறது. நீர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே எழும்புகிறது என்றால் நீர். நாள் முழுக்க நின்றதால் வந்தது என்றால் பெரும்பாலும் படுத்து எழுந்ததும் வடிந்துவிடும், காலையிலும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி, சிறுநீரும் நுரைத்தால் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். தினமும் எடை பார்க்கச் சொல்கிறார்கள், எதற்கு?

ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. வீக்கம் கண்ணில் படுவதற்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும், எடை மெஷின் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் கெஞ்சிக் கேட்கிறேன். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மெஷின், அதே அளவு உடை. நோட்டில் எழுதி வையுங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் தலையணையையும் கவனியுங்கள்: ஒன்று வைத்துப் படுத்தவர் இப்போது மூன்று கேட்கிறாரா? தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நடு ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

நீர் மாத்திரையை நானே கூட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறும், சிறுநீரகமும் வாடும். அதற்குப் பதில் வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று பாருங்கள். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும். பிரஷருக்கான அம்லோடிபினாலும் கால் வீங்கலாம், அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டயாலிசிஸில் இருக்கிறேன், தாகம் தாங்க முடியவில்லை.

கஷ்டம்தான், புரிகிறது. முதலில் உப்பைக் குறையுங்கள், உப்பு உள்ளே போனால் எந்த மன உறுதியும் தாகத்தை அடக்காது. டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, காபியோ சூப்போ எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள், மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். மடக்கென்று குடிப்பதைவிட ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் வெகுநேரம் தாங்கும், அதையும் கணக்கில் சேருங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள், பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், உங்கள் சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது.